கண்டம் எந்த வயதில்? எட்மண்ட் ஹேலியின் வாழ்நாள் கணக்கு

எங்கள் தாத்தாவுக்கு 70 வயதில் கண்டம் என்று ஜாதகத்தில் எழுதியிருக்கிறதாம். அவருக்கு இப்போது 70 நடக்கிறது. சில மாதங்களுக்கு முன் நெஞ்சு வலி வந்து மருத்துவமனைக்குப் போனோம். இதயத்தின் ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறது, ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். தாத்தா வேண்டாம் என்று சொல்லவில்லை. கண்டம் கழியட்டும், 71 பிறந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டுவிட்டார். வீட்டில் யார் சொல்லியும் கேட்கவில்லை.

நான் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் படிக்கும் இறுதியாண்டு மாணவி. தாத்தாவின் பிடிவாதத்தைப் பார்த்து எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால், அதே மாதத்தில் என் ஆய்வேட்டில் நானும் ஏறக்குறைய அதே தவற்றைத்தான் செய்துகொண்டிருந்தேன். அதை எனக்குப் புரிய வைத்தவர் 280 ஆண்டுகளுக்கு முன்பே இறந்துபோனவர். அவர் பெயர் எட்மண்ட் ஹேலி.

ஹேலி என்றதும் நம் எல்லாருக்கும் வால்நட்சத்திரம்தான் நினைவுக்கு வரும். 76 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் வால்நட்சத்திரத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள் என்பதோடு பள்ளிப் பாடம் முடிந்துவிடும். அவர் மனிதர்களின் வாழ்நாளையும் கணக்கிட்டவர் என்பது எனக்கும் இந்த ஆண்டுதான் தெரிந்தது.

நான் கண்டுபிடித்த கண்டம்

முதலில் என் தவற்றைச் சொல்லிவிடுகிறேன். பயிற்சிக்காக எங்களுக்கு ஒரு தரவுத்தொகுப்பு கொடுத்தார்கள். சில நூறு நோயாளிகள். ஒவ்வொருவரின் வயது, சிகிச்சை தொடங்கிய நாள், இறந்த நாள். உயிரோடு இருந்தால், கடைசியாக வந்துபோன நாள். இப்படிப்பட்ட தரவை உயிர்வாழ்வுத் தரவு என்கிறோம். எத்தனை பேர் இறந்தார்கள் என்பதோடு இதில் கேள்வி முடிவதில்லை. எவ்வளவு காலம் வாழ்ந்தார்கள், எந்தக் கட்டத்தில் ஆபத்து கூடியது என்பதே முக்கியம்.

ஆபத்து திடீரென்று கூடும் எல்லை வயது ஒன்று இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. நான் 40 முதல் 75 வரை ஒவ்வொரு வயதாக எடுத்துக்கொண்டேன். அந்த வயதுக்குக் கீழே உள்ளவர்கள் ஒரு பக்கம், மேலே உள்ளவர்கள் மறுபக்கம் என்று பிரித்து ஒப்பிட்டேன். இப்படி 36 முறை. அவற்றில் 57 வயதில் பிரித்தபோது வேறுபாடு மிகப் பெரிதாகத் தெரிந்தது. தற்செயலாக இப்படி வர எவ்வளவு வாய்ப்பு என்று காட்டும் பி-மதிப்பும் மிகச் சிறியதாக இருந்தது. 57 வயதுதான் எல்லை என்று மகிழ்ச்சியோடு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

என் விரிவுரையாளர் திட்டவில்லை. ஒரு வேலை மட்டும் கொடுத்தார். வயது நெடுவரிசையை மட்டும் சீட்டுக்கட்டைப் போல் கலைத்துவிட்டு, அதே கணக்கை மறுபடியும் செய்யச் சொன்னார். கலைத்தபின் ஒருவரின் வயது இன்னொருவருக்குப் போய்விடுகிறது. வயதுக்கும் இறப்புக்கும் அதன்பின் எந்தத் தொடர்பும் கிடையாது. அதனால் எல்லை வயது எதுவும் வரக்கூடாது. நான் பத்து முறை கலைத்துப் பார்த்தேன். அதில் மூன்று முறை ஏதோ ஒரு வயது பெரிய எல்லையாக வந்து நின்றது. ஒரு முறை 44, ஒரு முறை 68, ஒரு முறை 51.

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. 36 இடத்தில் தேடினால், எங்காவது ஒரு மேடு தட்டுப்படத்தான் செய்யும். தேடிப் பிடித்த மேட்டுக்கு நான் எல்லை என்று பெயர் வைத்திருந்தேன். அப்போதுதான் அவர் 1693-ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு கட்டுரையைப் படிக்கச் சொன்னார். எழுதியவர் எட்மண்ட் ஹேலி.

சோப்பு வணிகரின் மகன்

ஹேலி 1656 நவம்பரில் லண்டனுக்கு அருகில் ஹேகர்ஸ்டன் என்ற ஊரில் பிறந்தார். அப்பா சோப்பு தயாரித்து விற்ற வசதியான வணிகர். மகனுக்கு வானத்தில் ஆர்வம் என்று தெரிந்ததும் கருவிகள் வாங்கிக் கொடுத்தார். 1673-இல் ஆக்ஸ்ஃபர்டில் சேர்ந்த ஹேலி, பட்டம் வாங்கும் முன்பே 1676-இல் கப்பல் ஏறிவிட்டார். போன இடம் தென் அட்லாண்டிக் கடலில் உள்ள செயின்ட் ஹெலினா தீவு. அப்போது அவருக்கு 20 வயது. ஐரோப்பாவிலிருந்து பார்க்க முடியாத தென்வானத்து நட்சத்திரங்களைப் பட்டியலிட வேண்டும் என்பது அவர் திட்டம். மேகமும் மழையும் தொல்லை கொடுத்தாலும், 341 நட்சத்திரங்களின் இடங்களை அளந்துகொண்டு திரும்பினார். அரசரின் ஆணையால் ஆக்ஸ்ஃபர்ட் அவருக்குப் பட்டம் வழங்கியது. 22 வயதில் லண்டன் ராயல் சொசைட்டியில் உறுப்பினரானார்.

1682-இல் அவர் மேரி டூக்கைத் திருமணம் செய்துகொண்டார். அதே ஆண்டில் வானில் ஒரு வால்நட்சத்திரம் வந்தது. மற்றவர்களைப் போல் அவரும் பார்த்தார், அளந்து வைத்தார். அதன் பெருமை பின்னால்தான் தெரிந்தது.

1684-இல் அவருடைய அப்பா ஒருநாள் வீட்டை விட்டுப் போனவர் திரும்பவில்லை. ஐந்து வாரம் கழித்து ஆற்றங்கரையில் உடல்தான் கிடைத்தது. சொத்து வழக்கு, குடும்பப் பொறுப்பு எல்லாம் ஒன்றாக வந்து சேர்ந்தன. அந்த ஆண்டு ஆகஸ்டில்தான் ஹேலி கேம்பிரிட்ஜுக்குப் போய் நியூட்டனைச் சந்தித்தார். சூரியனின் ஈர்ப்பு தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைந்தால் கோளின் பாதை எப்படி இருக்கும் என்று கேட்டார். நீள்வட்டம் என்று நியூட்டன் உடனே பதில் சொன்னார். எப்போதோ கணக்கிட்டுவிட்டதாகவும் சொன்னார். அதை எழுதித் தரும்படி ஹேலி விடாமல் கேட்டதன் விளைவுதான் 1687-இல் வெளிவந்த பிரின்சிபியா. ராயல் சொசைட்டி அப்போது மீன்களைப் பற்றிய ஒரு பெரிய நூலை அச்சிட்டுக் கையில் பணமில்லாமல் இருந்தது. ஹேலி தம் சொந்தப் பணத்தில் நியூட்டனின் நூலை அச்சிட்டார். அவருக்குக் கழகம் தரவேண்டிய சம்பளத்துக்குப் பதிலாக விற்காமல் கிடந்த மீன் நூலின் 50 பிரதிகள்தான் கிடைத்தன.

இதற்கிடையே 1686-இல், இந்தியப் பெருங்கடலின் பருவக்காற்று உட்பட கடற்காற்றுகள் வீசும் திசைகளைக் காட்டும் வரைபடம் ஒன்றையும் வெளியிட்டார். நீருக்கடியில் மனிதர் மூச்சுவிட வழி செய்யும் மணிவடிவக் கூண்டையும் வடிவமைத்தார். எதைப் பார்த்தாலும் அளந்து, எண்ணி, அட்டவணையாக எழுதிவிடுவது அவர் சுபாவம்.

ஏழின் பெருக்கமும் இறப்புப் பதிவேடும்

இனி நம் கதைக்கு வருவோம். கண்டம் என்ற நம்பிக்கை நமக்கு மட்டும் உரியதல்ல. அந்தக் காலத்து ஐரோப்பியர்களும் ஏழு, ஒன்பது ஆகிய எண்களின் பெருக்கமாக வரும் வயதுகளுக்குப் பயந்தார்கள். 49 ஆபத்து, ஏனென்றால் அது ஏழேழு. 63 எல்லாவற்றையும் விட ஆபத்து, ஏனென்றால் அது ஏழொன்பது. 81 ஒன்பதொன்பது. அந்த வயதைத் தாண்டிவிட்டால் பெருமூச்சு விடுவார்கள்.

பிரெஸ்லாவ் என்ற நகரில் காஸ்பர் நாய்மான் என்றொரு பாதிரியார் இருந்தார். அந்த நகரம் இன்று போலந்தில் இருக்கிறது. இப்போது அதன் பெயர் வ்ரோட்ஸ்வாஃப். இந்த நம்பிக்கை உண்மையா என்று வாதம் செய்வதை விட்டுவிட்டு, அவர் தேவாலயப் பதிவேட்டை எடுத்து எண்ணத் தொடங்கினார். எந்த வயதில் எத்தனை பேர் இறந்தார்கள்? ஏழின் பெருக்கத்தில் இறப்பு கூடுகிறதா? நம்பிக்கைக்கு ஆதாரம் எதுவும் அந்த எண்களில் கிடைக்கவில்லை. நாய்மான் தம் எண்களைத் தத்துவ அறிஞர் லைப்னிட்ஸுக்கு அனுப்பினார். அவர் வழியாக அவை லண்டன் ராயல் சொசைட்டிக்கு வந்து, ஹேலியின் கைக்குப் போயின.

லண்டனிலும் இறப்புப் பட்டியல்கள் இருந்தன. அவற்றை வைத்து ஜான் கிராண்ட் 1662-இலேயே ஒரு நூல் எழுதியிருந்தார். ஆனால், அவற்றில் இறந்தவரின் வயது இல்லை. வெளியூர்களிலிருந்து வந்து குடியேறியவர்களும் லண்டனில் அதிகம். எனவே, பிறப்பையும் இறப்பையும் பொருத்திப் பார்க்க முடியாது. பிரெஸ்லாவ் கடலிலிருந்து தொலைவில் உள்ள ஊர். வந்துபோகிறவர்கள் குறைவு. வயதும் எழுதப்பட்டிருந்தது. ஹேலிக்குக் கிடைத்தது 1687 முதல் 1691 வரை ஐந்தாண்டுக் கணக்கு: 6,193 பிறப்பு, 5,869 இறப்பு. ஆண்டுக்குச் சராசரியாக 1,238 பிறப்பு, 1,174 இறப்பு.

எல்லை உண்மையில் எங்கே இருந்தது?

இந்த எண்களைக் கொண்டு 1693-இல் ஹேலி ஓர் அட்டவணை எழுதினார். எந்த வயதில் எத்தனை பேர் உயிரோடு இருப்பார்கள் என்று ஆண்டுவாரியாகக் காட்டும் அட்டவணை அது. இன்று வாழ்நாள் அட்டவணை என்று நாம் சொல்வதன் முன்னோடிகளில் ஒன்று. நான் அதைப் பார்த்தபோது முதலில் திகைக்க வைத்தது தொடக்கம்தான். பிறந்த 1,238 குழந்தைகளில் 348 பேர் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. அடுத்த ஐந்து ஆண்டுகளில் இன்னும் 198 பேர் இறந்தார்கள். ஆறு வயதை எட்டியவர்கள் 692 பேர். 17 வயதில் எஞ்சியவர்கள் 616 பேர். பிறந்தவர்களில் பாதிப்பேர், எஸ்.பி.எம். எழுதும் வயதுக்குள் போய்விட்டார்கள்!

ஊரே 49-க்கும் 63-க்கும் பயந்துகொண்டிருந்தது. உண்மையான எல்லையோ தொட்டிலில் இருந்தது.

அட்டவணையை முழுதாகப் படித்த பிறகு, ஆபத்து மாறும் கட்டங்களை ஹேலி விவரித்தார். 9 வயது முதல் ஏறக்குறைய 25 வயது வரை, ஆண்டுக்கு நூற்றுக்கு ஒருவர் அளவில் இறக்கிறார்கள். 25 முதல் 50 வரை இறப்பு மெல்லக் கூடுகிறது. 50 முதல் 70 வரை ஒவ்வொரு வயதிலும் ஆண்டுக்கு 10 அல்லது 11 பேர் இறக்கிறார்கள். அதன்பின் இறக்கவே ஆட்கள் குறைந்துபோகிறார்கள்.

இங்கே ஒரு பாடம் இருக்கிறது. 60 வயதில் 242 பேரில் 10 பேர் இறக்கிறார்கள். 70 வயதில் 142 பேரில் 11 பேர் இறக்கிறார்கள். இறந்தவர்களை மட்டும் எண்ணினால் 10-ம் 11-ம் ஒன்றுதான் என்று தோன்றும். மீதி எத்தனை பேர் இருந்தார்கள் என்று பார்த்தால், முதலில் நூற்றுக்கு 4, பிறகு நூற்றுக்கு 8. ஆபத்து இருமடங்கு. உயிர்வாழ்வுத் தரவில் மேலே உள்ள எண்ணை விடக் கீழே உள்ள எண்தான் பல நேரம் உண்மையைச் சொல்லும். தேர்வில் இந்தக் கணக்கு வந்தால் பகுதியை மறந்துவிடாதீர்கள், மாணவர்களே.

நான் தேடிய விடை இன்னோர் இடத்தில் இருந்தது. பிரெஸ்லாவின் மூல எண்கள் ஒழுங்காக இல்லை. சில வயதுகளில் இறப்பு திடீரென்று கூடுகிறது, அடுத்த வயதில் குறைகிறது. நானாக இருந்தால் அந்த மேடுகளில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு எல்லை என்று எழுதியிருப்பேன். ஹேலி அப்படிச் செய்யவில்லை. இந்த மேடுபள்ளங்கள் தற்செயலாக வந்தவை, ஐந்தாண்டுக்குப் பதிலாக இருபதாண்டுக் கணக்கு இருந்தால் தாமாகவே சமப்பட்டுவிடும் என்று கருதினார். அதனால் எண்களைச் சீராக்கி அட்டவணையை எழுதினார். முதல் ஆண்டில் 348 குழந்தைகள் இறப்பது தற்செயல் அல்ல. ஏதோ ஒரு வயதில் இரண்டு மூன்று பேர் கூடுதலாக இறப்பது தற்செயலாக இருக்கலாம். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்திருந்தது அவருக்கு.

எல்லாருக்கும் ஒரே விலை

ஹேலி இந்தக் கணக்கைப் பொழுதுபோக்குக்காகச் செய்யவில்லை. அப்போது இங்கிலாந்து பிரான்சுடன் போரில் இருந்தது. அரசாங்கத்துக்குப் பணம் தேவைப்பட்டது. மக்களிடம் ஒரு தொகையை மொத்தமாக வாங்கிக்கொண்டு, அவர்கள் உயிரோடு இருக்கும்வரை ஆண்டுதோறும் பணம் கொடுக்கும் ஆயுள் ஆண்டுத்தொகையை விற்றது. ஆண்டுக்கு 100 பவுன் வேண்டுமானால் 700 பவுன் கட்ட வேண்டும். பத்து வயதுப் பிள்ளையின் பெயரில் வாங்கினாலும் அதே விலை, எழுபது வயதுக் கிழவர் வாங்கினாலும் அதே விலை.

தம் அட்டவணையையும் 6 விழுக்காடு வட்டியையும் வைத்து ஹேலி சரியான விலையைக் கணக்கிட்டார். பத்து வயதுக்கு ஆண்டுத்தொகையைப்போல் 13.44 மடங்கு, அதாவது 1,344 பவுன். எழுபது வயதுக்கு 5.32 மடங்கு, அதாவது 532 பவுன். சிறுவர் பெயரில் வாங்கிய பணக்காரர்களுக்குக் கொள்ளை லாபம். முதியவருக்கு நட்டம். மீதி நட்டம் முழுதும் மக்கள் கருவூலத்துக்கு. கணக்கு அச்சில் வந்த பிறகும் அரசாங்கம் உடனே மாறவில்லை. ஆனால், ஆயுள் காப்புறுதி பின்னாளில் நிலையான தொழிலாக வளர்ந்தபோது அது நின்றது இப்படிப்பட்ட அட்டவணைகளின் மேல்தான்.

இல்லாத எல்லையை இருப்பதாகச் சொல்வது ஒரு தவறு. இருக்கும் வேறுபாட்டைப் பார்க்க மறுப்பதும் தவறுதான். இரண்டிலும் யாரோ ஒருவர் விலை கொடுக்கிறார்.

மூன்று தேதிகள்

ஹேலியின் வாழ்க்கை அதன்பிறகும் ஓயவில்லை. 1698 முதல் 1700 வரை பாரமோர் என்ற சிறு கப்பலுக்குத் தலைவராகி அட்லாண்டிக் கடலில் திசைகாட்டி முள்ளின் விலகலை அளந்தார். 1704-இல் ஆக்ஸ்ஃபர்டில் வடிவியல் பேராசிரியரானார். 1705-இல் வால்நட்சத்திரங்களைப் பற்றிய நூலை வெளியிட்டார்.

1531, 1607, 1682 ஆகிய ஆண்டுகளில் வந்த மூன்று வால்நட்சத்திரங்களின் பாதைகள் ஒன்றுபோல் இருப்பதை அவர் கவனித்தார். மூன்றும் ஒன்றே, அது 1758 வாக்கில் மறுபடியும் வரும் என்று எழுதினார். இடைவெளி ஒரு முறை 76 ஆண்டு, ஒரு முறை 75 ஆண்டு. வியாழன் கோளின் ஈர்ப்பால் இந்த வேறுபாடு வரலாம் என்றும் சொன்னார்.

இது என்னை யோசிக்க வைத்தது. ஐந்தாண்டு இறப்புக் கணக்கில் தெரிந்த மேடுகளை நம்ப மறுத்தவர், வெறும் மூன்று தேதிகளை மட்டும் எப்படி நம்பினார்? விடை இதுதான். வால்நட்சத்திரத்துக்கு ஒரு காரணம் இருந்தது: நியூட்டனின் ஈர்ப்பு விதி. பாதையின் சாய்வு, திசை, சூரியனை நெருங்கும் தூரம் எல்லாம் ஒத்துப்போயின. அதோடு, தாம் சொன்னது சரியா தவறா என்று பிறர் சோதித்துப் பார்க்க ஓர் ஆண்டையும் குறித்துக் கொடுத்தார். ஏழின் பெருக்கத்துக்கு அப்படி ஒரு காரணமும் இல்லை. சோதித்தபோது அது நிற்கவும் இல்லை.

உயிர்வாழ்வுத் தரவில் எல்லை தேடும் ஒவ்வொருவரும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகளும் இவைதாம். இந்த எல்லைக்கு உடலிலோ நோயிலோ காரணம் இருக்கிறதா? எத்தனை இடத்தில் தேடிய பிறகு இதைக் கண்டோம் என்பதைக் கணக்கில் சேர்த்தோமா? தரவைக் கலைத்துப் பார்த்தால் இது மறைகிறதா? வேறொரு மருத்துவமனையின் புதிய தரவிலும் இது நிற்கிறதா? ஐந்தாவது கேள்வியும் உண்டு. படிக்கட்டு இல்லாத இடத்தில் படியைத் தேடுகிறோமா? 1825-இல் பெஞ்சமின் கொம்பர்ட்ஸ், வயது கூடக் கூட இறக்கும் ஆபத்து ஒரே விகிதத்தில் பெருகுகிறது என்று காட்டினார். இன்றைய கணக்குப்படி, நடுவயதுக்குப் பின் ஏறக்குறைய எட்டாண்டுக்கு ஒருமுறை அது இரட்டிப்பாகிறது. அது ஒரு சாய்தளம், படி இல்லை. 1972-இல் டேவிட் காக்ஸ் கொடுத்த முறை, வயது, நோய், சிகிச்சை என்று பல காரணங்களை ஒன்றாக வைத்து ஆபத்தைக் கணிக்க வழி செய்தது. அந்த முறையில் வயதைக் கோடு போட்டு இரண்டாக வெட்டாமல் அப்படியே பயன்படுத்தலாம். நான் என் ஆய்வேட்டைத் திருத்தியபோது அதைத்தான் செய்தேன். 57 காணாமல் போய்விட்டது. அதன் இடத்தில் மெல்ல உயரும் ஒரு வளைகோடு வந்தது.

ஏழில் ஒரு வாய்ப்பு

ஹேலியின் கடைசிக் காலத்தைப் பற்றிப் படித்தபோதுதான் எனக்குத் தாத்தா நினைவு வந்தது. 1720-இல் ஹேலி அரசு வானியலாளராக நியமிக்கப்பட்டு கிரீனிச் வானாய்வகத்துக்குப் போனார். முன்பு இருந்த ஃபிளாம்ஸ்டீட் இறந்ததும், அவர் சொந்தப் பணத்தில் வாங்கியிருந்த கருவிகளை அவருடைய மனைவி எடுத்துப்போய்விட்டார். ஹேலிக்குக் கிடைத்தது ஏறக்குறைய வெறும் கட்டடம். புதிய கருவிகளை வாங்கிப் பொருத்தினார். சந்திரனின் நகர்வு 18 ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வருவதால், அந்த முழுச் சுற்றையும் தொடர்ந்து அளந்து முடிப்பது என்று தீர்மானித்தார். நடுக்கடலில் கப்பல் இருக்கும் இடத்தைச் சந்திரனை வைத்துக் கண்டுபிடிக்க அது உதவும் என்பது அவர் நம்பிக்கை.

அறுபதைத் தாண்டிய மனிதர் 18 ஆண்டு வேலையைத் தொடங்குகிறார்! அவருடைய சொந்த அட்டவணை இதற்கு என்ன சொல்கிறது என்று நான் பார்த்தேன். 64 வயதில் 202 பேர். 82 வயதில் 28 பேர். தொடங்கிய வேலையை முடிக்க உயிரோடு இருப்பதற்கு ஏறக்குறைய ஏழில் ஒரு வாய்ப்பு. அந்த அட்டவணையை எழுதியவருக்கு இது தெரியாமல் இருக்க முடியாது. நாள் நல்லதாகட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. இரவுதோறும் தொலைநோக்கியின் முன் உட்கார்ந்தார். 1736-இல் மனைவி இறந்தார். அதன்பின் அவருக்கும் உடல்நலம் குன்றியது. ஆனாலும், 18 ஆண்டு அளவீட்டை முடித்தார்.

1742 ஜனவரியில் தமது 85-ஆவது வயதில் ஹேலி இறந்தார். அவர் எழுதிய அட்டவணை ஆண்டுவாரியாக 84 வயது வரைதான் போகிறது. தம் அட்டவணையின் கடைசி வரியையும் தாண்டி வாழ்ந்துவிட்டார். அட்டவணை பொய்யாகிவிட்டதா? இல்லை. அதை எழுதியபோது அவருக்கு வயது 36. அந்த வரியில் 481 பேர் இருக்கிறார்கள். 84-ஆம் வரியில் 20 பேர். 24 பேரில் ஒருவர் அந்த வயதை எட்டத்தான் வேண்டும். அந்த ஒருவராக அவர் இருந்தார். கூட்டத்தைப் பற்றி அட்டவணை சொன்னது சரி. அந்தக் கூட்டத்தில் யார் அந்த ஒருவர் என்று அது எப்போதும் சொன்னதில்லை.

1758 டிசம்பர் 25 இரவு, ஜெர்மனியில் டிரெஸ்டன் நகருக்கு அருகே பாலிட்ச் என்ற விவசாயி தம் தொலைநோக்கியில் வால்நட்சத்திரத்தைப் பார்த்தார். ஹேலி இருந்திருந்தால் அவருக்கு 102 வயது. தம் கண்ணால் பார்க்க முடியாது என்று தெரிந்தே குறித்துக் கொடுத்த ஆண்டு அது. அதே வால்நட்சத்திரம் 1986-இல் வந்தது; உங்கள் பெற்றோர், தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். அடுத்து 2061-இல் வரும். வாழ்நாள் அட்டவணைப்படி உங்களில் பெரும்பாலோர் அதைப் பார்ப்பீர்கள்.

இந்தக் கதையை நான் தாத்தாவிடம் சொன்னேன். ஜாதகத்தைக் குறை சொல்லவில்லை. 63-க்குப் பயந்த ஊரையும், பதிவேட்டை எடுத்து எண்ணிய பாதிரியாரையும், ஏழில் ஒரு வாய்ப்பை வைத்துக்கொண்டு 18 ஆண்டு வேலையைத் தொடங்கிய கிழவரையும் பற்றி மட்டும் சொன்னேன். தாத்தா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஆபரேஷன் செய்தால் பிழைப்பேன் என்று உன் அட்டவணை உறுதி சொல்லுமா என்று கேட்டார். சொல்லாது என்றேன். பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால், அடைப்புக்கு நாட்காட்டி தெரியாது, காத்திருக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் ஓர் ஆபத்து இருக்கிறது, அதைத் தள்ளிப்போட முடியாது என்று சொன்னேன்.

அன்று அவர் பதில் சொல்லவில்லை. மூன்று நாள் கழித்து, மருத்துவரைப் பார்க்கப் போகலாமா என்று அவராகவே கேட்டார். தேதி குறித்தாயிற்று. அவருடைய 70 வயது முடிய இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. ஆபரேஷன் அடுத்த மாதம்.